பேஷன்ட் பேரு

வாஷர் தொட்டி விரிந்தது புனலூர் இறக்கத்தில்.
மோட்டார் அதற்கு முன்பே செத்திருந்தது.
பட்டனை அமுக்கினால்
டேஷ்போர்டுக்குள் ஒரு வண்டு முனகும், அவ்வளவுதான்.
புதுசு மாட்ட ஆயிரத்து எண்ணூறு என்றார்கள் தென்காசியில்.
முதலாளி குற்றாலிங்கம் போனிலேயே சிரித்தார்:
“அதான் மலையில மழை பெய்யுதே, பெறகென்னடே?”

அவருக்கு யார் சொல்வது.
முழு மழை கண்ணாடியைக் கழுவிவிடும்.
முழு வெயில் சேற்றைக் காயவைத்து உதிர்த்துவிடும்.
கோட்டவாசலில் பெய்வது இரண்டும் இல்லை,
அரை மழை.
முன்னால் போகும் டாரஸ் வாரி இறைக்கிற செம்மண்ணை
வைப்பர் வாங்கி
தோசைக்கல்லில் எண்ணெய் இழுப்பதுபோல்
ஓரம்வரை இழுக்கும்.
எதிரே நிற்பது பஸ்ஸா பாறையா,
ஹாரன் அடித்தால்தான் தெரியும்.
பாறை ஹாரன் அடிக்காது.

ஆகவே செங்கோட்டை மெடிக்கலில்
ஒரு டிரிப் செட் கேட்டேன், பெரிய ஊசி ஒன்றும்.
கடைப்பையன் பில் புத்தகத்தைத் திருப்பினான்.
“பேஷன்ட் பேரு?”
டி.என். எழுபத்தாறு என்று ஆரம்பித்தேன்.
நிமிர்ந்து ஒருதரம் பார்த்துவிட்டு
எழுதிக்கொண்டான்.

அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன்,
கேபின் மேல் கேரியரில், தலைகீழாகக் கட்டு.
மூடியில் காய்ச்சின ஆணியால் ஓட்டை.
டிரிப் செட்டின் கூர்முனையைச் செருகி
சுற்றிலும் எம்சீல்.
மண் வடிக்க, கிளீனர் முப்புடாதியின் பனியன் துண்டு.
மேலே பார்த்த அடிப்பக்கம்
காற்றுக்கு ஒரு துளை வேண்டும்;
அதை மறந்துவிட்டு
ஒரு மணி நேரம் ஊசியைத் திட்டினேன்.
குழாய் ஜன்னல் வழியாக என் கைக்கு வந்து
மறுபடி வெளியே இறங்கி
வைப்பர் கையோடு ஓடவேண்டும். எட்டவில்லை.
இரண்டாவது செட்டுக்குப் போனபோது
பையன் கேட்டான்,
“இன்னும் கொணமாகலையா?”

ஊசியின் கூரை ரோட்டில் தேய்த்து மழுக்கி
வைப்பரின் முழங்கையில் நூல்போட்டுக் கட்டினேன்.
மொத்தம் தொண்ணூற்றேழு ரூபாய்,
ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டையும் சேர்த்து.
சக்கர உருளையை விரலால் தள்ளினால் சொட்டும்,
இன்னும் தள்ளினால் ஓடும்.
பீய்ச்சாது. பீய்ச்ச வேண்டியதும் இல்லை.

ஆரியங்காவு செக்போஸ்டில்
டார்ச் தக்காளியைத் தாண்டி மேலே ஏறியது.
சசீந்திரன் சார் கேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.
“இதெந்தா? ஸ்பிரிட்டோ?”
வாஷர் சாரே என்றேன்.
குழாயை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்,
ஜன்னல் வரை, அங்கிருந்து ஊசி வரை.
உள்ளங்கையை நீட்டினார்.
உருளையைத் தள்ளினேன்.
முகர்ந்தார்.
செம்பருத்தி ஷாம்பு.
தேய்க்கத் தேய்க்க நுரை வந்தது.
ராத்திரி ஒரு மணிக்கு நுரைத்த கையோடு ஒரு ஆபீசர்
எங்கே துடைப்பது என்று யோசித்து,
கடைசியில் என் கண்ணாடியிலேயே துடைத்துவிட்டு
“போ” என்றார்.

கழுதுருட்டி தாண்டும்போது அரை மழை.
என் பக்கம் ஒரு விசிறி அகலத்துக்கு ரோடு.
முப்புடாதி பக்கம் செம்மண் சுவர்.
“எனக்கு?” என்றான்.
அடுத்த டிரிப்புக்கு என்றேன்.
எந்த டிரிப் என்று அவனும் கேட்கவில்லை.
கொஞ்சம் கழித்து,
“என்னண்ணே தெரியுது?”
பஸ் என்றேன். அப்புறம் ஒரு பன்றி, குட்டிகளோடு.
அப்புறம் சாய்ந்த மைல்கல்.
அப்புறம் ஒருத்தன் குடையைப் பிடித்துக்கொண்டு
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான்,
மேட்டைப் பார்த்து.
“இந்நேரம் எங்க போறான்?”
உருளையை இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.
அது தெரியவில்லை.